மரவீட்டைக் கழற்றி வேறு ஊரில் மாட்டலாம்... ராயப்பேட்டை மாடி வீட்டை ஏன் முடியாது?

ராயப்பேட்டையின் உள்தெருக்களில் நடந்தால், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே திண்ணையும் மரத்தூணும் வைத்த வீடு ஒன்றிரண்டு இன்னும் கண்ணில் படும். உள்ளே போய் அண்ணாந்து பாருங்க. கருத்துப்போன மரக்கட்டைகள் வரிசையாக ஓடும். அந்தக் கட்டைகளுக்கு மேலே சின்னச் சின்ன செங்கற்கள் குறுக்குவாட்டில் சாய்ந்து நிற்கும். சிமெண்ட், கம்பி எதுவும் கிடையாது. நூறு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கூரை மேல் ஆட்கள் நடந்திருக்கிறார்கள், வடகம் காயவைத்திருக்கிறார்கள், கோடையில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறார்கள்.

ஒரு மழைக்காலத்தில் மூலையில் ஒழுக ஆரம்பிக்கும். மேஸ்திரி வருவார், பார்ப்பார். "மரம் பழசாயிடுச்சு சார், இனிமே தாங்காது. இடிச்சிட்டுப் புதுசா கட்டிடுங்க" என்பார். பெரும்பாலான வீடுகளின் கதை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

மரம் பழசானால் உண்மையிலேயே தாங்காதா? ராயப்பேட்டையிலிருந்து ஈசிஆர் வழியாக ஒரு மணி நேரம் போனால் இதற்கு ஒரு பதில் நின்றுகொண்டிருக்கிறது.

புதுப்பள்ளியிலிருந்து முட்டுக்காட்டுக்கு வந்த வீடு

முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ரா பலருக்கும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்த இடமாக இருக்கும். தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் அது. டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை உருவாக்கியது. லாரி பேக்கர் வடிவமைப்பைத் தந்தார், பென்னி குரியாகோஸ் அதைக் கட்டி எழுப்பினார். 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே கேரளப் பகுதியில் ஒரு வீடு இருக்கிறது. கோட்டயம் மாவட்டம் புதுப்பள்ளியில் 1850 வாக்கில் கட்டப்பட்ட சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தின் வீடு. கிட்டத்தட்ட முழுக்க மரம். இந்த வீட்டை முட்டுக்காட்டில் புதிதாக நகல் எடுத்துக் கட்டவில்லை. புதுப்பள்ளியில் இருந்த வீட்டையே கழற்றி, மரத்தை இங்கே கொண்டுவந்து, திரும்பப் பூட்டி நிறுத்தினார்கள்.

வீட்டைக் கழற்றுவது என்றால் என்ன? இந்த மாதிரி வேலையில் முதலில் வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து வரைவார்கள், படம் எடுப்பார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் போடுவார்கள். பிறகு மேலிருந்து கீழாக இறங்குவார்கள்: முதலில் ஓடு, அப்புறம் ரீப்பர், கைமரம், உத்திரம், கடைசியாகப் பலகைச் சுவரும் தூணும். புது இடத்தில் எல்லாம் தலைகீழ் வரிசையில் நடக்கும். எண் எழுதுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் பல நூறு வருஷப் பழைய மரவீடுகளின் கட்டைகளில், அன்றைய தச்சர்கள் கீறிவைத்த ரோமன் எண்களை இன்றும் பார்க்கலாம். பட்டறையில் செதுக்கி, சரிபார்த்து, பிரித்து, வீடு கட்டும் இடத்தில் மறுபடி பூட்டியதன் அடையாளம் அது.

கழற்ற முடிகிற வீடு என்பது பின்னால் வந்த யோசனை அல்ல. அந்த வீடு பிறந்ததே அப்படித்தான்.

ஆணி இல்லாமல் எப்படி நிற்கிறது?

இந்த மரபில் முக்கியமான இணைப்புகளை இரும்பு ஆணி தாங்குவதில்லை. ஒரு கட்டையின் முனையை நாக்கு மாதிரி செதுக்குவார்கள். இன்னொரு கட்டையில் அதே அளவுக்குத் துளை குடைவார்கள். நாக்கு துளைக்குள் இறங்கியதும், இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு மரமுளையை அடித்துவிடுவார்கள். முளையைத் தட்டி எடுத்தால் இணைப்பு பிரிந்துவிடும். கேரளத்துச் சாய்வுக் கூரையில் கைமரங்களைத் துளைத்துக்கொண்டு ஒரு நீளமான மரச்சட்டம் ஓடும். வரிசையில் இருக்கிற எல்லாக் கைமரங்களையும் அது ஒரே கோவையாகப் பிடித்துக்கொள்ளும், மாலையில் நார் மாதிரி.

இரும்பு ஏன் வேண்டாம்? ஈரக்காற்று அடிக்கும் ஊரில் இரும்பு துருப்பிடிக்கும். துரு பக்கத்து மரத்தையும் கெடுக்கும். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயில்காலத்தில் சுருங்கும். அதுவும் நீளவாட்டில் அநேகமாக இல்லை, அகலவாட்டில்தான். மரமுளை கூடவே உப்பிச் சுருங்கும், ஆணி அப்படியே நிற்கும். சில வருஷத்தில் ஆணித் துளை பெரிதாகி இணைப்பு ஆட ஆரம்பிக்கும்.

இதே மரபின் பெரிய வடிவத்தைப் பார்க்க மாநில எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. மண் தமிழ்நாட்டு மண், நிர்வாகம் கேரள அரசு. 1956-ல் எல்லை பிரித்தபோது வந்த ஏற்பாடு.

கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும்

ஜெர்மனி, இங்கிலாந்து படங்களில் ஒரு வீடு அடிக்கடி வரும். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாக ஓடும். பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும், ஆனால் வீடே அந்தச் சட்டத்தில்தான் நிற்கிறது. கட்டடத்தின் எடையை மரக்கூடு சுமக்கும். நடுவில் இருக்கும் சுவர் காற்றையும் குளிரையும் தடுக்க மட்டும். குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். சில ஊர்களில் செங்கல் வைத்து நிரப்புவார்கள்.

குச்சி கட்டி மண் அப்புவது நமக்குப் புதுசா என்ன? அதுக்குப் பெயர் வரிச்சு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வரிச்சு கட்டி மண் பூசிய சுவர் ஏழை வீட்டுச் சுவர். இலங்கையில் சிங்களத்திலும் இந்தச் சுவருக்கு வரிச்சி என்றே பெயர். அங்கே ஐரோப்பாவில் இதே சுவரைப் பாதுகாத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். இங்கே அது கிடந்தால் 'குடிசை' என்று கணக்கெடுப்பில் ஏறும்.

காஷ்மீரில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு: தஜ்ஜி தேவாரி. ஒட்டுத் துணி மாதிரியான சுவர் என்பது பொருள். மரச்சட்டத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கல்லும் மண்ணும் நிரப்புவார்கள். 2005 அக்டோபர் 8 நிலநடுக்கத்தில், கனமான கல் வீடுகளும் அரைகுறை கான்கிரீட் வீடுகளும் சரிந்த இடங்களில் இந்த வகை வீடுகள் விரிசலோடு நின்றன. சுவர் ஒரே பாளமாக இல்லாததால், ஒவ்வொரு கட்டமும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது. எல்லைக்கு அந்தப்பக்கம் பாகிஸ்தானில் மறுகட்டுமானம் நடந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதே முறைக்குத் திரும்பின. அசாமில் 1897 பெரும் பூகம்பத்துக்குப் பிறகு, மரச்சட்டத்தில் நாணல் கட்டிப் பூசிய இலேசான வீடுகள் பரவியதும் இதே காரணத்தால்தான்.

சரி, ராயப்பேட்டைக்கு வருவோம்

ராயப்பேட்டை வீடு இந்த இரண்டு வகையிலும் சேராது. இங்கே சுவர் செங்கல். எடையைச் சுவர்தான் தாங்குகிறது. மரம் உட்கார்ந்திருப்பது கூரையில். அந்தக் கூரைக்கு உலகம் முழுக்கக் கட்டடப் பொறியாளர்கள் நம்ம ஊர் பெயரையே வைத்திருக்கிறார்கள்: மெட்ராஸ் டெரஸ்.

எப்படிப் போடுவார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் கோளாறும் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். ஒரு அடி, ஒன்றரை அடிக்கு ஒன்று. அறை பெரிதாக இருந்தால் நடுவில் ஒரு தடித்த உத்திரம், கட்டைகள் அதன் மேல் உட்காரும். பிறகு அச்சுக்கல். சாதாரணச் செங்கல்லை விடச் சின்னது, தட்டையானது: சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். அதைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை தடவி, அறையின் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்துக் கட்டைகளுக்குக் குறுக்கே சாய்கோணத்தில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது! ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் அந்தரத்தில் நிற்கும். சாய்வாக வைப்பதன் சூட்சுமம் அதுதான்.

அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். ஆண்களும் பெண்களுமாக வரிசையாக உட்கார்ந்து தட்டுவது ஒரு காலத்தில் இந்த ஊரின் சத்தங்களில் ஒன்று. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை இடையிடையே தெளிப்பார்கள். கடைசியில் தட்டு ஓடு பதித்து, பூசி, தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் வைப்பார்கள். சுண்ணாம்பு உடனே இறுகாது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகும்.

கட்டைகளுக்கு மரம் எங்கிருந்து வந்தது? பெரிய அளவில் பர்மாவிலிருந்து. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. கப்பலில் வந்த தேக்கு செட்டிநாட்டு அரண்மனை வீடுகளுக்கும் போனது, சென்னையின் நடுத்தரக் குடும்ப வீடுகளுக்கும் போனது.

அப்போ ஏன் இதைக் கழற்ற முடியாது?

மேலே சொன்னதில் மரம் ஒரு அடுக்குதான். அச்சுக்கல்லும் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒரே பாறையாக ஆகிவிட்டன. அதைப் பிரிக்க வழியில்லை, உடைக்கத்தான் முடியும். சுவரும் அப்படியே. புதுப்பள்ளி வீட்டை லாரியில் ஏற்றலாம். ராயப்பேட்டை வீட்டிலிருந்து லாரியில் ஏறுவது கட்டை, தூண், கதவு, ஜன்னல் மட்டும். மீதி எல்லாம் குப்பை.

மரத்துக்கு நல்ல விலை இருக்கிறது என்பதுதான் இங்கே சிக்கல். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரங்களை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அதன் பிறகு பழைய பர்மா தேக்குக்கு மவுசு இன்னும் கூடியது. இடிப்பவர் பல நேரம் வீட்டுக்காரருக்கே பணம் கொடுத்துவிட்டு மரத்தை எடுத்துக்கொள்கிறார். இப்படிக் கழன்ற தூண்களும் கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் மாதிரியான இடங்களில் அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்கலாம். கொஞ்சம் யோசிங்க: "மரம் பழசு, தாங்காது" என்று இடித்த வீட்டின் கட்டையை இழைத்து, இன்னொருவர் தன் புது வீட்டுக்கு வாசற்கதவு செய்துகொள்கிறார். அப்போ தாங்காமல் போனது எது?

கோளாறு எங்கே இருக்கு?

பெரும்பாலும் கட்டையின் நடுவில் இல்லை, முனையில். சுவருக்குள் நுழைந்திருக்கும் அந்த ஆறு எட்டு அங்குலம். வெளியே தெரியும் பகுதிக்குக் காற்று கிடைக்கிறது, நனைந்தாலும் காய்ந்துவிடும். முனை மட்டும் சுவருக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும். மரத்தில் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் நிலையாக இருந்தால் பூஞ்சை பிடிக்கும், மக்க ஆரம்பிக்கும். ஈரம் இருக்கும் இடத்துக்குக் கரையானும் வழி கண்டுபிடிக்கும்.

தண்ணீர் எப்படி அங்கே போகிறது? மொட்டைமாடியின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைக்கும். மாடியில் பிற்காலத்தில் ஒரு குளியலறை கட்டியிருப்பார்கள், அல்லது ஒரு தண்ணீர்த் தொட்டியை ஏற்றியிருப்பார்கள். இது எதுவும் அந்தக் கூரைக்குப் போட்ட கணக்கில் இல்லை.

இதைவிட மோசமானது நல்லெண்ணத்தோடு செய்யும் ரிப்பேர். ஒழுகுகிறது என்று மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் போடுவார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் கீழ்நோக்கி, மரத்தை நோக்கி வரும். கூடவே எடையும் ஏறும். அடுத்த மழைக்கு மறுபடி ஒழுகும், மறுபடி சிமெண்ட். பழைய கூரைகளை மரத்தின் வயதைவிட இந்தச் சுற்றுதான் அதிகம் கொன்றிருக்கும் என்பது என் கணிப்பு.

மரம்னா தீ பிடிக்காதா?

பிடிக்கும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ராயப்பேட்டைக்குப் பக்கத்திலேயே சேப்பாக்கத்தில் உதாரணம் இருக்கிறது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டிய கலஸ் மஹால் 2012 ஜனவரியில் எரிந்தது. கூரை உள்ளே சரிந்தது. தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார்.

தடித்த தேக்குக்கட்டை காகிதம் மாதிரி பற்றிக்கொள்வதில்லை. வெளிப்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகும். கரி உள்ளே இறங்கும் வேகம் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் பழைய மின்கம்பிகள், குவித்துவைத்த கோப்புகள், மெல்லிய பலகைகள் எல்லாம் சேர்ந்தால் அந்தக் கணக்கு உதவாது.

கலஸ் மஹாலின் கதை அத்தோடு முடியவில்லை. பொதுப்பணித்துறை அதை இடிக்காமல் மீட்டுக் கட்டியது. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. அடுத்த கட்டடமான ஹுமாயூன் மஹாலும் மீட்கப்பட்டது. மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன என்பதற்கு இந்த இரண்டு கட்டடங்களே சாட்சி. உலக அளவில் பார்த்தால், 2019-ல் எரிந்த பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தின் கூரைக்குச் சுமார் 2,000 ஓக் மரங்களை வெட்டி, பழைய முறையில் கோடாலியால் செதுக்கிப் பூட்டினார்கள். 2024 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள்.

என் வீட்டுக் கூரை இப்படித்தான் இருக்கு. என்ன செய்யணும்?

இடிக்க முடிவெடுக்கும் முன் கட்டையின் முனைகளைப் பாருங்க. சுவரை ஒட்டிய இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரியும். முனை உள்ளே இறங்காவிட்டால் மரம் உயிரோடு இருக்கிறது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும், உளுத்த மரம் பொத்தென்று சத்தம் கொடுக்கும். கட்டையின் நடுப்பகுதி கீழே தொய்ந்திருக்கிறதா என்று ஒரு நூல் கட்டிப் பார்க்கலாம். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். இதெல்லாம் முதல் பார்வைக்குத்தான். பாரமும் பாதுகாப்பும் சம்பந்தப்பட்ட முடிவை, பழைய கட்டடங்களில் வேலை செய்த கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் விடுங்க. இன்டாக் அமைப்பின் சென்னைக் கிளையைக் கேட்டால் வழி கிடைக்கும். கூரையில் செங்கல் உதிர்ந்துகொண்டே இருந்தால் அந்த அறையில் தூங்க வேண்டாம்.

இருபது கட்டையில் மூன்று கெட்டிருந்தால், மூன்றை மாற்றினால் போதும். கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட கட்டையை எடுத்து, அதே அளவு பழைய தேக்கைச் செருகலாம். முனை மட்டும் மக்கியிருந்தால் அதை வெட்டி, புது மரத்தைச் சாய்வெட்டில் இணைக்கலாம், அல்லது இரும்புத் தகடு கொடுத்துப் பிடிக்கலாம். மேலே சிமெண்ட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போடலாம்.

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதிக் கட்டைகள் உளுத்துப்போன கூரை இருக்கிறது. ஆறு வாரிசுகள், ஒரே மனை, ஆளுக்கொரு பிளாட் வேண்டும் என்ற நிலை இருக்கிறது. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. 2012-ல் தமிழ்நாடு சட்டப்பேரவை பாரம்பரியக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் இந்த மாதிரிப் பட்டியல்களில் கண் போவது அமீர் மஹால் போன்ற பெரிய கட்டடங்கள் மேல்தான். 1798-ல் கட்டப்பட்டு, 1876 முதல் ஆற்காடு இளவரசர் குடும்பம் இருந்துவரும் அந்த மாளிகை இதே ராயப்பேட்டையில் இருக்கிறது. அதற்கு நாலு தெரு தள்ளியிருக்கும் திண்ணை வீட்டுக்கு அதன் சொந்தக்காரரைத் தவிர வேறு காவல் இல்லை.

இடிப்பதென்றே முடிவானால்கூட, அதற்கு முன் கூரையைக் கீழிருந்தும் மேலிருந்தும் படம் எடுத்து, அறைகளை அளந்து வரைந்து வையுங்க. உடைக்கும்போது கூரையின் குறுக்குவெட்டு நன்றாகத் தெரியும். அதையும் ஒரு படம். கட்டட வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு அது பாடம்.

வைத்துக்கொள்வதென்றால், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். அதற்குள் மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்க் குழாயில் அடைத்திருக்கும் இலையை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவர் ஓரத்துக் கன்றை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டு வாங்க.